சூதாட்டக் கூடங்கள் பூட்டப்பட்ட நாள்

சூதாட்டக் கூடத்திற்கு இரவு பகல் இல்லை என்பர். ஆயினும் 2006 ஜூலை 5 காலையில், நியூஜெர்சி மாநிலத்தின் அட்லாண்டிக் சிட்டியில் பன்னிரண்டு கூடங்களும் மூடப்பட்டன. 1985-இல் புயலுக்கு அஞ்சி மூடியதுண்டு. இம்முறை வீசியதோ வரவு செலவுத் திட்டப் புயல்.

பற்றாக்குறையை ஈடுகட்ட விற்பனை வரியை 6 விழுக்காட்டிலிருந்து 7 ஆக்க முனைந்தார் ஆளுநர் ஜான் கோர்சைன். அவர் கட்சியினரேயான பேரவைத் தலைவர் ஜோசப் ராபர்ட்ஸ் இசையவில்லை. ஜூலை பிறந்தும் திட்டம் நிறைவேறவில்லை. ஏறத்தாழ 45,000 அரசு ஊழியர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். பூங்காக்கள், சாலைப் பணிகள், லாட்டரி யாவும் நின்றன.

தனியார் கூடங்கள் ஏன் மூடவேண்டும்? அரசு ஆய்வாளர் இல்லாமல் ஆட்டம் நடத்தலாகாது என்பது அன்றைய சட்டம். ஆய்வாளர்களோ வீட்டில் இருந்தனர். கூடங்கள் செலுத்தும் வரி முதியோர், மாற்றுத் திறனாளிகள் நலனுக்கென ஒதுக்கப்படுவது என்பதையும் நாம் மறக்கலாகாது. கதவு மூடினால் அவ்வரவும் நிற்கும்.

மறுநாளே உடன்பாடு பிறந்தது. வரி 7 விழுக்காடாயிற்று. கூடுதல் வரவில் பாதி சொத்துவரிச் சுமையைக் குறைக்க ஒதுக்கப்பட்டது. ஜூலை 8 அன்று கூடங்கள் திறந்தன.

2008-இல் சட்டத்தைத் திருத்தினர்: அரசு முடங்கினாலும் ஏழு நாள்வரை ஆட்டம் நடக்கலாம். 2017 ஜூலையில் அரசு மீண்டும் முடங்கியது. பூங்காக்கள் பூட்டிக் கிடந்தன. சூதாட்டக் கூடங்கள் திறந்தே இருந்தன. மாநிலம் பாடம் கற்றது உண்மையே. யாருக்காகக் கற்றது என்பதே நம் கேள்வி.