கண்ணாடி வீட்டுக் கொடி கம்பத்துப் பந்தலேறிய கதை

கம்பம் பன்னீர் திராட்சை பிறந்தது இங்கிலாந்தில். பெட்ஃபோர்ட்ஷயர் வட்டாரத்தில் ரெஸ்ட் பார்க் என்றொரு பிரபு மாளிகை. அங்கே தோட்டக்காரராக இருந்த ஸ்னோ என்பவர், 1850ஐ ஒட்டிய ஆண்டுகளில், கண்ணாடி வீட்டுக்குள் விதை போட்டு வளர்த்தெடுத்த கொடி அது. இங்கிலாந்துக் குளிரில் வெட்டவெளியில் நல்ல திராட்சை பழுப்பது கடினம். அதனால் செல்வந்தர்கள் கண்ணாடிக் கூரை போட்டு, வெந்நீர்க் குழாய் ஓட்டி, நம் ஊர் வெயிலைப் போன்ற ஒன்றைக் காசு கொடுத்து உண்டாக்கினார்கள். அந்தச் செயற்கை வெயிலில் விளைந்த கருநீலப் பழத்துக்கு 'மஸ்கட் ஹாம்பர்க்' என்று பெயர். நாம் பன்னீர் திராட்சை என்று வாங்குவது இதைத்தான்.

அதன் தாய் தந்தை யார் என்பது 2003இல் மரபணு ஆய்வில் உறுதியானது. ஒரு பக்கம் 'பிளாக் ஹாம்பர்க்'. லண்டனுக்கு அருகே ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் 1768இல் நட்டு இன்னும் காய்க்கிறதே, அந்தப் புகழ்பெற்ற கொடியின் இனம். இன்னொரு பக்கம் 'மஸ்கட் ஆஃப் அலெக்சாண்ட்ரியா' என்ற பழைய வெள்ளைத் திராட்சை. கருநிறம் முதலாவதிலிருந்து வந்தது, மணம் இரண்டாவதிலிருந்து வந்தது.

தமிழ்நாட்டில் சொல்லப்படும் கதையோ வேறு. 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் பன்னீர் திராட்சையை இங்கே கொண்டுவந்தார் என்பார்கள். 2023இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது செய்தித்தாள்களும் இதையே எழுதின. ஆனால் இரண்டு ஆண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1850ஐ ஒட்டிப் பிறந்த கொடி 1832இல் கப்பலேறியிருக்க முடியாது. பாதிரியார் கொண்டுவந்தது வேறொரு திராட்சையாகத்தான் இருக்க வேண்டும். அவர் போட்ட பாதையில் பன்னீர் பிறகு வந்து சேர்ந்தது என்பதே என் முடிவு. இதனால் பாதிரியாரின் பங்கு குறைந்துவிடாது. கத்தோலிக்கப் பூசைக்குத் திராட்சை ரசம் கட்டாயம் வேண்டும், அதுவும் கலப்பில்லாத திராட்சைச் சாற்றிலிருந்து வந்ததாக இருக்க வேண்டும். மாதக் கணக்கில் கப்பலில் வரும் ரசத்தை நம்பியிருப்பதைவிடக் கோயில் தோட்டத்திலேயே ஒரு கொடி இருப்பது எவ்வளவு நிம்மதி!

திருப்பாதிரிப்புலியூரில் இருந்து பார்க்கும்போது இந்தக் கதை எனக்கு அந்நியமாகப் படவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் எங்கள் கடலூருக்குப் பீரங்கியோடு வந்தவர்கள். 1758இல் செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடித்தார்கள். 1783இல் இதே ஊரில் ஆங்கிலேயரோடு மோதிக்கொண்டிருக்கையில் ஐரோப்பாவில் சமாதானம் ஆகிவிட்டது என்ற செய்தி வந்து சண்டை நின்றது. அதே காலத்தில், வடக்கே பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய புதுச்சேரியில், பிரெஞ்சுப் பாதிரியார்கள் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சேசு சபை 1773இல் கலைக்கப்பட்ட பிறகு, 1776 முதல் தமிழ் மண்ணின் மறைப்பணியைப் பாரிஸ் அயல்நாட்டு மறைபரப்புச் சபை ஏற்றிருந்தது. கோட்டை மண்மேடாகிவிட்டது. திராட்சை தங்கிவிட்டது.

ஆனால் எங்கள் பக்கம் அது நிலைக்கவில்லை. காரணம் மழை. ஐப்பசி, கார்த்திகையில் கடலூருக்குக் கொட்டுகிற மழையில் திராட்சை இலையில் அடிச்சாம்பல் நோய் விழும், பழம் வெடிக்கும். புயலும் எங்களுக்குப் புதிதல்ல. 2011 டிசம்பர் 30 அன்று கரை கடந்த 'தானே' புயல், பண்ருட்டியின் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்ததைப் பார்த்தவர்களுக்குப் பந்தல் பயிரின் கதி என்னாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கு மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கிறது. பகலில் வெயில், இரவில் மலைக்காற்று. 1895இல் பென்னிகுவிக் கட்டி முடித்த பெரியாறு அணையின் தண்ணீர் பள்ளத்தாக்கில் ஓடத் தொடங்கியதும் மண்ணும் கிணறும் ஈரம் கண்டன. ரெஸ்ட் பார்க்கில் கண்ணாடியும் குழாயும் வைத்துச் செய்ததைச் சுருளிப்பட்டியிலும் இராயப்பன்பட்டியிலும் மலையும் வெயிலும் சும்மா செய்து கொடுத்தன.

ஆனாலும் கொடிக்கு ஒரு குறை இருந்தது. குளிர்நாட்டில் திராட்சைக்கொடி இலையுதிர்த்து உறங்கும்; வசந்தத்தில் விழிக்கும்; வருடத்துக்கு ஒரு முறை காய்க்கும். கம்பத்தில் அதற்கு உறக்கமே இல்லை. விட்டால் பச்சையாகப் படர்ந்துகொண்டே போகும், பழம் சரியாகப் பிடிக்காது. எனவே வசந்தம் செய்யும் வேலையைக் கத்தரி எடுத்துக்கொண்டது. கவாத்து என்பது இங்கே வெறும் கிளை குறைப்பு இல்லை. பக்குவமான கிளையில் நாலு மொட்டு விட்டு வெட்டுவார்கள். மெலிந்த கிளையில் ஒன்றிரண்டு மொட்டுதான். பூங்கொத்தின் கரு முன்பே மொட்டுக்குள் உருவாகிவிடும் என்பதால், எந்த மொட்டு வரை விடுகிறோம் என்பதில்தான் விளைச்சல் இருக்கிறது. பன்னீருக்கு அந்தக் கணக்கு நாலு. வெட்டிய நாளிலிருந்து ஏறக்குறைய நாலு மாதத்தில் அறுவடை. மார்கழி, தையில் வெட்டினால் சித்திரையை ஒட்டிப் பழம்; வைகாசி, ஆனியில் வெட்டினால் ஆவணி, புரட்டாசியில் பழம். கவாத்து நாளை மாற்றி மாற்றி வைத்து, இரண்டு வருடத்தில் ஐந்து அறுவடைகூட எடுக்கலாம். ஸ்னோவுக்கு இதைச் சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டார். கம்பம் பன்னீர் உண்மையில் பிறந்தது இந்தக் கவாத்தில்தான் என்று நான் நினைக்கிறேன்.

இதே மஸ்கட் ஹாம்பர்க் கொடி பிரான்சின் தெற்கே வாந்தூ மலையடிவாரத்திலும் விளைகிறது. அதற்கு 1997இல் அந்நாட்டு அரசு ஊர்ப்பெயரோடு சேர்ந்த முத்திரை கொடுத்தது. கம்பத்துக்குக் கிடைத்ததற்கு 26 ஆண்டுகள் முன்பு. ஊரைச் சுற்றிக்காட்டுவதிலும் அவர்கள் முந்திக்கொண்டவர்கள். அல்சாஸ் பகுதியில் ஏறத்தாழ 170 கிலோமீட்டர் நீளும் திராட்சைத் தோட்டச் சாலை, பயணிகளுக்கென்றே 1953இல் திறந்தது. வழிகாட்டி ஒருவர் காலையில் வண்டியேற்றி, தோட்டம், நிலவறை, ரசம் என்று காட்டி மாலையில் கொண்டுவந்து விடுவார்.

கம்பத்தில் இந்தச் சுற்றுலா தானாக முளைத்தது. தேக்கடிக்கும் சுருளி அருவிக்கும் சபரிமலைக்கும் போகிறவர்கள் சாலையோரப் பந்தலைப் பார்த்து வண்டியை நிறுத்தினார்கள். கொத்துக்குக் கீழே நின்று படம் எடுத்தார்கள், ஒரு கிலோ வாங்கினார்கள், சாறு குடித்தார்கள், கிளம்பினார்கள். பெரும்பாலும் இன்றும் அப்படித்தான். எனக்கு இது வருத்தம் தருகிறது, ஏனென்றால் பிரான்சில் எவ்வளவு செலவழித்தாலும் காணக் கிடைக்காத ஒன்று அந்தப் பந்தல்களில் இருக்கிறது. அங்கே ஒரு நாள் போனால் ஒரு பருவம்தான் கண்ணில் படும். குளிர்காலத்தில் வெறும் கட்டை, செப்டம்பரில் பழம். கம்பத்தில் ஒருவர் கவாத்து வெட்டும்போது பக்கத்துக்காரர் தோட்டத்தில் பூ, அதற்கடுத்ததில் காய், சற்றுத் தள்ளி அறுவடைக் கூடை. ஒரு திராட்சைக்கொடியின் முழு வருடத்தையும் ஒரே நாளில் நடந்தே பார்த்துவிடலாம்.

போகிறவர்கள் பழம் தொங்கும் பந்தலோடு நின்றுவிட வேண்டாம். எங்கே இன்று கவாத்து என்று விசாரித்து முதலில் அங்கே போங்கள். இலையெல்லாம் உருவப்பட்டு, கல்தூணும் கம்பியும் தவிட்டுநிறக் கிளையுமாக அது பார்க்க அழகாக இருக்காது. கத்தரி பிடித்திருக்கிற அண்ணனிடமோ அக்காவிடமோ நாலாவது மொட்டு எது என்று கேளுங்கள். எண்ணிக் காட்டுவார்கள். அதன்பிறகு பூத்த பந்தல், காய்த்த பந்தல், பழுத்த பந்தல் என்று வரிசையாக நடங்கள். வாங்குவதைக் கடைசிப் பந்தலில் வைத்துக்கொள்ளுங்கள். மெல்லிய தோல், சீக்கிரம் நசுங்கிவிடும்.