இரண்டு வாரத்தில் தறி பழக முடியாது

போன மாதம் அக்கா மகள் பெங்களூரிலிருந்து போன் பண்ணினாள். "மாமா, கென்யாவுக்கு வாலன்டியரா போகப் போறேன். ரெண்டு வாரம். ஒரு கிராமத்து ஸ்கூல்ல பசங்களுக்கு இங்கிலீஷ் சொல்லித் தரணும். நீங்கதான் பழைய கதையெல்லாம் தோண்டிக்கிட்டு இருப்பீங்களே, போகலாமா வேணாமான்னு சொல்லுங்க" என்றாள். கட்டணம் எவ்வளவு என்று கேட்டேன். சொன்னாள். விமான டிக்கெட் தனியாம்.

உடனே பதில் சொல்ல முடியவில்லை. உதவி செய்யப் போகிறவர்கள் பக்கத்திலிருந்து இதை நான் யோசித்ததே இல்லை. உதவி வந்து இறங்கின ஊர்க்காரன் நான்.

நான் பள்ளிக்கூடம் படித்த காலத்தில், ஆரணியில் எங்கள் தெருவுக்கு இரண்டு வெள்ளைக்கார மாணவர்கள் வந்தார்கள். நெசவாளர் குடும்பங்களுக்கு உதவ வந்திருப்பதாகக் கூட்டிவந்தவர் சொன்னார். ஒருத்தர் தறியில் உட்கார ஆசைப்பட்டார். தாத்தா மறுக்கவில்லை. தறிக்குழியில் கால் வைத்து, மிதியை மாற்றி மிதித்து, நாடாவை வேகமாக இழுத்ததில் பாவு இழைகள் கொத்தாக அறுந்தன. எல்லாரும் சிரித்தோம், போட்டோ எடுத்தார்கள், ஆயா காபி போட்டுக் கொடுத்தாள். அவர்கள் போன பிறகு தாத்தாவும் ஆயாவும் விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொரு இழையாகப் பிணைத்தார்கள். பட்டு இழை தலைமுடியைவிட மெல்லிசு. அன்றைய நெசவு போச்சு. கோபம் யாருக்கும் இல்லை. "பாவம், ஆசையா வந்துச்சுங்க புள்ளைங்க" என்றாள் ஆயா, அவ்வளவுதான்.

அந்த ஞாபகத்தோடுதான் பழைய கதைகளைத் திரும்பப் புரட்டினேன். இளவயதில் கடல் தாண்டி வந்து 'சேவை' செய்வது நம் பக்கத்துக்குப் புதுசே இல்லை. 1819-ல், தன் 25 வயதில், ஜான் ஸ்கடர் என்ற அமெரிக்க மருத்துவர் இலங்கைக்குக் கப்பலேறினார். யாழ்ப்பாணத்தில் பண்டத்தரிப்பில் மருத்துவம் பார்த்தார், பிறகு சென்னைக்கு வந்தார். அவர் மகன்கள் மூன்று பேர் 1853-ல் ஆற்காடு மிஷனை அமைத்தார்கள். எங்கள் ஆரணியும் அதன் நிலையங்களில் ஒன்று.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இவர்கள் மதம் பரப்ப வந்தவர்கள். பின்னால் வெள்ளைக்கார ஆட்சியின் நிழல் இருந்தது. ஆனாலும், வந்தவர்களில் யார் விட்டுப்போனது இன்றும் நிற்கிறது, யாருடையது நிற்கவில்லை என்று பார்த்தால் ஒரு விஷயம் புலப்படுகிறது.

முதலில் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன். 1847-ல் யாழ்ப்பாணத்தில் இறங்கும்போது இருபதுகளின் நடுவில் இருந்தார். மானிப்பாயில் மருத்துவம் பார்த்ததோடு நிற்காமல் உள்ளூர்ப் பையன்களுக்கு மருத்துவம் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார். முதலில் ஆங்கிலத்தில்தான். ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரசாங்க உத்தியோகத்துக்கும் நகரத்துக்கும் போய்விடுகிறார்கள், கிராமத்தில் தங்குவதில்லை என்பது அவருக்குப் புரிந்தது. தமிழ் படித்தார். மேலைநாட்டு மருத்துவ நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். 1860-களில் வகுப்பையே தமிழுக்கு மாற்றினார். அவரிடம் படித்து மருத்துவர்கள் ஆனவர்கள் அறுபது பேருக்கு மேல். தமிழில் மருத்துவம் கற்பிக்க முடியுமா என்று நாம் இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறோம். அவர் நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னாலேயே செய்து முடித்துவிட்டுப் போயிருக்கிறார்!

இரண்டாவது, ஜான் ஸ்கடரின் பேத்தி ஐடா. பிறந்தது ராணிப்பேட்டையில், 1870-ல். படிக்க அமெரிக்கா போனவர், 1890-ல் உடம்பு சரியில்லாத அம்மாவைப் பார்த்துக்கொள்ளத் திண்டிவனம் வந்தார். திரும்பிப் போய்விடுவதாகத்தான் எண்ணம். ஒருநாள் ராத்திரி, ஒருவர் பின் ஒருவராக மூன்று பேர் கதவைத் தட்டினார்கள். மூன்று வீட்டிலும் பிரசவ வேதனை. ஐடாவின் அப்பா டாக்டர்தான், ஆனால் ஆண் டாக்டர் வேண்டாம், நீங்கள் வாருங்கள் என்று ஐடாவைக் கூப்பிட்டார்கள். அவருக்கு மருத்துவம் தெரியாது. விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துபோயிருந்தார்கள்.

வேலூர்ப் பக்கம் இந்தக் கதை தெரியாதவர்கள் குறைவு. நான் இதில் கவனிப்பது வேறு ஒன்றை. அந்த ராத்திரி ஐடா இருந்த நிலைமை, இன்று இரண்டு வாரத்துக்குக் கிளம்புகிற எந்தப் பிள்ளையின் நிலைமையும்தான். நல்ல மனசு இருந்தது, வயசு இருந்தது, தமிழ்கூடத் தெரிந்திருந்தது. வேலை தெரியவில்லை. அதனால் அவர் திரும்பிப் போனார். 1899-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் வாங்கி, 1900-ல் ஒரே ஒரு கட்டிலோடு வேலூரில் மருத்துவம் பார்க்க ஆரம்பித்தார். 1902-ல் ஆஸ்பத்திரி வந்தது. தான் ஒருத்தி எத்தனை பேரைப் பார்க்க முடியும் என்று யோசித்து 1909-ல் நர்சுகளுக்கும், 1918-ல் டாக்டர்களுக்கும் பள்ளி தொடங்கினார். இந்தியப் பெண்கள் மருத்துவம் படித்துத் தேற மாட்டார்கள் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். முதல் அணியில் இறுதித் தேர்வு எழுதிய 14 பேரும் தேறினார்கள். அதுதான் இன்றைய சி.எம்.சி. எங்கள் ஊரில் கஷ்டமான கேஸ் என்றால் இன்றும் "வேலூருக்குக் கொண்டுபோ" என்றுதான் சொல்வார்கள்.

மூன்றாவது கதை வேறு மாதிரி. சுவிட்சர்லாந்துக்காரர் பியேர் செரெசோல், பொறியாளர். முதல் உலகப்போர் முடிந்ததும் 1920-ல், வெர்டன் அருகே நாசமான ஒரு பிரெஞ்சுக் கிராமத்தைக் கட்டியெழுப்ப, பகை நாட்டு இளைஞர்களையும் சேர்த்துக் கூட்டிப் போனவர். இன்றைய சர்வதேசத் தொண்டு முகாம்களுக்கு மூலம் அதுதான். 1934 ஜனவரி 15-ல் பீகாரைப் பூகம்பம் புரட்டிப்போட்டபோது, ஐம்பது வயசு தாண்டியிருந்த அவர் ஐரோப்பாவிலிருந்து சில தொண்டர்களோடு வந்து, கிராமத்தாரோடு சேர்ந்து மண் சுமந்தார். 1937 வரை அந்த வேலை நடந்தது. அவர் மதம் பேசவில்லை, பாடம் நடத்தவில்லை. இடிந்த வீடு எழும்ப வேண்டும், அதற்கு ஆள் வேண்டும், அவ்வளவுதான். என்ன வேலை என்பது வருகிறவருக்கும் ஊராருக்கும் தெளிவாகத் தெரிந்திருந்தது.

அதற்கப்புறம் அரசாங்கங்களே இதைக் கையில் எடுத்துக்கொண்டன. 1961-ல் கென்னடி அமைதிப் படையை ஆரம்பித்தார். அந்த வருஷக் கடைசியிலேயே முதல் அணி பஞ்சாபுக்கு வந்துவிட்டது. 1976-ல் நிறுத்தப்படும் வரை நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இந்தியா வந்து கோழி வளர்ப்பு, விவசாயம், குடும்பக்கட்டுப்பாடு என்று வேலை பார்த்தார்கள். ஜிம்மி கார்ட்டரின் அம்மா லில்லியன் 68 வயதில் வந்து மும்பை விக்ரோலியில் இருந்தார். பனிப்போர்க் கணக்கும் இதில் உண்டு, மறுக்க முடியாது. ஆனாலும் அவர்களுக்குத் தவணை இரண்டு வருஷம். கொஞ்சம் பாஷையும் சொல்லிக்கொடுத்து அனுப்பினார்கள்.

இரண்டு வருஷம் எப்படி இரண்டு வாரம் ஆனது? தொண்டு ஒரு சுற்றுலாச் சரக்காக ஆனபோதுதான். 1968-லேயே மெக்சிகோவில் இவான் இல்லிச், கோடை விடுமுறைக்குச் சேவை செய்ய வந்த அமெரிக்க மாணவர்களின் முகத்துக்கு நேரே, பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், உதவுகிறேன் என்று மட்டும் வராதீர்கள் என்ற பொருளில் பேசினார். அது கொஞ்சம் அதிகம் என்று அப்போது எனக்குப் பட்டிருக்கும். பிறகு கம்போடியாவில் அனாதை இல்லக் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருப்பது தெரியவந்தது. வெளிநாட்டுத் தொண்டர்களும் அவர்கள் தரும் பணமும் வர வர, அந்த இல்லங்களுக்குப் பிள்ளைகள் தேவைப்பட்டார்கள். உதவியே தேவையை உண்டாக்கிவிட்டது.

வெள்ளைக்காரர்களை மட்டும் சொல்வது நியாயமில்லை. எங்கள் ஊரிலிருந்து போளூர் தாண்டினால் ஜவ்வாது மலை. சனி ஞாயிறில் நோட்டுப் புத்தகமும் பழைய துணியுமாக மலைக்கு வேன் ஏறுகிறவர்கள் நாம்தான். நானும் ஒருமுறை போனேன். அந்தப் பள்ளிக்கூடத்துப் பையன் ஒருத்தன் என்னிடம் கேட்டான்: "அடுத்த வாரம் யாரு சார் வருவாங்க?" என் பேரை அவன் கேட்கவில்லை. அவனுக்கு நான் ஒரு வார முறை.

அக்கா மகளுக்குப் போன வாரம் போன் பண்ணினேன். போகாதே என்று சொல்லவில்லை. மூன்று கேள்வி மட்டும் கேட்டேன். அங்கே நீ செய்யப்போகிற வேலை உனக்குத் தெரியுமா? அந்த ஊர்ப் பாஷை பேசுவாயா? நீ திரும்பின பிறகு அந்த வகுப்பை யார் எடுப்பார்கள்?

ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "மூணாவதுக்குத்தான் மாமா பதிலே இல்ல. அங்க ஏற்கெனவே ஒரு டீச்சர் இருப்பாங்க இல்ல? நான் போற ரெண்டு வாரம் அவங்க என்ன பண்ணுவாங்க?" என்றாள்.

அந்தக் கேள்வி எனக்கே தோன்றியிருக்கவில்லை. அதை அந்த நிறுவனத்துக்கே எழுதிக் கேள் என்றேன். எழுதியிருக்கிறாள். பதிலுக்காகக் காத்திருக்கிறோம்.