சிக்கவைக்கப்பட்ட போதகரும் சிறைசென்ற போதகரும்

டேனியல் லஸ்கோ இயக்கி 2014இல் வெளிவந்த ‘பெர்செக்யூட்டட்’ என்ற அமெரிக்கப் படத்தில், ஜான் லூதர் என்னும் புகழ்பெற்ற நற்செய்தியாளர், எல்லா மதங்களையும் ஒரே நிலையில் வைக்க முனையும் மசோதாவை ஆதரிக்க மறுக்கிறார். அதை நிறைவேற்றத் துடிக்கும் செனட்டரின் சதியால் அவருக்கு மயக்க மருந்து கொடுக்கப்படுகிறது. ஓர் இளம்பெண்ணின் கொலைப்பழி அவர்மீது விழுகிறது. அதன்பின் ஓட்டமும் துரத்தலும்தான். மத ஒடுக்குமுறையைப் பேசவந்த படம், கொலைப்பழி விழுந்த இடத்திலேயே அதைப் பேசுவதை நிறுத்திவிடுகிறது என்பதே என் வாதம்.

அந்த மசோதா சட்டமானால் திருச்சபை எதை இழக்கும்? பிற சமயத்தாருக்கு என்ன கிடைக்கும்? லூதரின் மறுப்புக்கு இறையியல் அடிப்படை எது? படம் ஊன்றி விவாதித்திருக்க வேண்டியவை இவையே. ஒரு மசோதாவை எதிர்ப்பதால் மட்டும் யாரும் ஒடுக்கப்பட்டவராகிவிடுவதில்லை. ஆகவே கதைக்குக் கொலை தேவைப்படுகிறது. நம்புவதைச் சொல்லும் உரிமை பற்றிய கேள்வி, ‘இதை நான் செய்யவில்லை’ என்று மெய்ப்பிக்கும் கேள்வியாகச் சுருங்குகிறது. மனச்சான்றின் வழக்கு தடயவியலிடம் போய்விடுகிறது.

நாயகனுக்கு இட்ட பெயரே படத்துக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. 1521 ஏப்ரலில் வோர்ம்ஸ் பேரவையில் மார்ட்டின் லூதரின் நூல்களை அடுக்கிவைத்து, இவை உம்முடையவையா, இவற்றை மறுதலிக்கிறீரா என்று கேட்டார்கள். தம்முடையவை என்று ஒப்புக்கொண்டார். ஒருநாள் அவகாசம் கேட்டுப்பெற்று, மறுநாள் மறுதலிக்க மறுத்தார். அங்கே பொய்ச்சாட்சிக்குத் தேவையே எழவில்லை.

ஜான் பனியன் வழக்கும் அப்படித்தான். தமிழ்க் கிறித்தவர்கள் ‘மோட்சப் பிரயாணம்’ வழியாகவும், அதைத் தழுவி எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை பாடிய ‘இரட்சணிய யாத்திரிகம்’ வழியாகவும் அறிந்த பனியன், 1660 நவம்பரில் பெட்ஃபோர்டு வட்டாரத்தில் கைதானார். அரச திருச்சபைக்கு வெளியே கூட்டம் கூட்டிப் பிரசங்கித்தார் என்பது குற்றச்சாட்டு. அது உண்மை. இனிப் பிரசங்கிக்கமாட்டேன் என்று வாக்களித்திருந்தால் வீடு திரும்பியிருக்கலாம். ஏறத்தாழ 12 ஆண்டுகள் சிறையில் கிடந்தார். 1661இல் அவருடைய மனைவி எலிசபெத் நீதிபதிகள்முன் நின்று மன்றாடினார். வீட்டில் நான்கு பிள்ளைகள், அவர்களில் ஒருத்தி பார்வையற்றவள். பிரசங்கத்தை விட்டுவிடுவாரா என்று கேட்டபோது, பேச முடிகிறவரை விடமாட்டார் என்றே எலிசபெத் பதில் சொன்னார். கணவரின் விடுதலையைக் கேட்க வந்தவர், அது கைநழுவும் என்று தெரிந்தும் சொன்ன பதில் அது. எந்தத் துரத்தல் காட்சியும் இதன் அருகில் வராது.

பொய்வழக்குகளே இல்லையா என்று கேட்கலாம். உண்டு. துருக்கியின் இஸ்மிரில் ஊழியம் செய்த அமெரிக்கப் போதகர் ஆண்ட்ரூ பிரன்சன் 2016 அக்டோபரில் பிடிபட்டு, பயங்கரவாதத் தொடர்புப் பழியோடு இரண்டாண்டுகள் சிறையிலும் வீட்டுக்காவலிலும் இருந்தார். ஆனால் அவரை வதைத்தது குற்றப்பத்திரிகையும் அரசு வழக்கறிஞரும் நீதிமன்றமும் சேர்ந்த, எல்லோர் கண்ணெதிரிலும் இயங்கிய அரசு எந்திரம். சீனாவின் செங்டு நகரப் போதகர் வாங் யீக்கு 2019 டிசம்பரில் 9 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. அரசதிகாரத்தைக் கவிழ்க்கத் தூண்டியதோடு சட்டவிரோத வணிகமும் அவர்மேல் ஏற்றப்பட்ட குற்றங்கள். ஓர் ஒளிப்பதிவோ ஒரு சதிகாரரின் வாக்குமூலமோ கிடைத்துவிட்டால் இவ்வழக்கு தீர்ந்துபோகாது; தீர்ப்பெழுதிய சட்டமே மாறவேண்டும். திகில்படத்தின் இலக்கணம் அந்த வேலையை ஏற்பதில்லை.