ரயில்வே கேட்டும் வண்டி நிற்கும் இடமும்

காயல்பட்டினம் கடலுக்கும் தண்டவாளத்துக்கும் இடைப்பட்ட ஊர். முத்துக்கும் கடல் வணிகத்துக்கும் பேர்பெற்ற இவ்வூரின் முகம் நெடுங்காலம் கிழக்கே கடலைப் பார்த்தே இருந்தது. 1923இல் திருநெல்வேலி – திருச்செந்தூர் மீட்டர் கேஜ் பாதை திறக்கப்பட்டதும் ஊருக்கு மேற்கே ஓர் இரும்புக் கோடு விழுந்தது. அதன்பின் மேற்கே போகிற வண்டி எதுவானாலும் தண்டவாளத்தைக் கடந்துதான் போக வேண்டும். அந்த இடத்தில் வண்டி எப்போது நிற்க வேண்டும், எங்கே நிற்கவே கூடாது என்ற விதிகள் ஒரே நாளில் எழுதப்பட்டவை அல்ல. அவை உருப்பெற ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆனது.

ஏறத்தாழ 61 கிலோமீட்டர் நீளமுள்ள இந்தப் பாதை அன்று திருநெல்வேலி ஜில்லா போர்டின் சொத்தாக இருந்தது. தென்னிந்திய ரயில்வே கம்பெனி அதில் வண்டிகளை ஓட்டியது. ஜில்லா போர்டுகள் தாமே ரயில்பாதை போடும் வழக்கத்தை 1894இல் தஞ்சாவூர் ஜில்லா போர்டு தொடங்கிவைத்திருந்தது. மாவட்டத்துச் சாலைகளைப் பராமரிக்கும் பொறுப்பும் ஜில்லா போர்டுகளிடமே இருந்ததால், சாலையும் தண்டவாளமும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் இரண்டுக்கும் ஒரே உடைமையாளர் இருக்கும் நிலை உண்டானது. பிற்காலத்தில் சாலை மாநில அரசிடமும் ரயில் மத்திய அரசிடமும் போய்ச் சேர்ந்தன. கேட்டை ஒட்டிய சாலை யார் பொறுப்பு என்ற இழுபறிக்கு இந்தப் பிரிவினையே வேர்.

பாதை திறந்தபோது நடப்பிலிருந்தது 1890ஆம் ஆண்டின் இந்திய ரயில்வே சட்டம். அதன் மூலக்கருத்து இங்கிலாந்திலிருந்து வந்தது. பொதுச்சாலையைக் கடக்கும் இடத்தில் கேட் அமைத்து, அதைத் திறந்து மூட ஆள் வைப்பது ரயில் கம்பெனியின் கடமை என்று அங்கே 1839இலேயே சட்டம் போடப்பட்டது. ஆக, முதல் சுமை விழுந்தது கம்பெனியின் மேல்தான். சாலையில் வருகிறவனுக்கு 1890ஆம் ஆண்டுச் சட்டம் விதித்த கட்டுப்பாடு சிறியது: ரயில் வருவது தெரிந்தும் கேட்டைத் திறந்தாலோ, ஆளையோ மாட்டையோ வண்டியையோ குறுக்கே கொண்டுபோக முயன்றாலோ 50 ரூபாய் வரை அபராதம். கேட்டிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பது அந்தப் பிரிவில் வரவில்லை. மாட்டுவண்டிக் காலத்தில் அதற்குத் தேவையும் பெரிதாக இல்லை. எஞ்சினின் ஊதல் கேட்டால் மாடு மிரளும் என்று வண்டிக்காரருக்குத் தெரியும். மூக்கணாங்கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு தாமாகவே தள்ளி நின்றுகொள்வார்.

மோட்டார் வண்டி இந்தக் கணக்கை மாற்றியது. ஒரு கேட்டின் நெருக்கடியை அளக்க ரயில்வே ஓர் அலகு வைத்திருக்கிறது. ஒரு நாளில் போகும் ரயில்களின் எண்ணிக்கையைக் கடக்கும் வண்டிகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் அது கிடைக்கும். இதில் மோட்டார் வண்டிக்கும் மாட்டுவண்டிக்கும் மதிப்பு ஒன்று, ஆட்டோவுக்கு அரை, சைக்கிளுக்கும் ஸ்கூட்டருக்கும் கால். பெருக்குத்தொகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் அந்த இடத்தில் மேம்பாலம் கட்டலாம் என்பது பழைய அளவுகோல். உப்பளங்களின் சரக்கும், திருச்செந்தூர் கோயிலுக்கு வரும் கூட்டமும் சேர்ந்த இந்தக் கரையில் அந்தத் தொகை ஆண்டு முழுவதும் ஒரே சீராக இருப்பதில்லை. தைப்பூசத்திலும் கந்த சஷ்டியிலும் ஏறும் நெரிசலை வருடாந்தரச் சராசரி காட்டிக்கொடுக்காது.

ஆளில்லாத கிராசிங்குகளில் நின்று போவதைச் சட்டம் கட்டாயமாக்கியது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 131ஆம் பிரிவு இதில் மிகத் தெளிவானது. ஓட்டுநர் வண்டியை நிறுத்த வேண்டும். நடத்துநரோ கிளீனரோ இறங்கி நடந்துபோய், இருபுறமும் ரயிலோ டிராலியோ வரவில்லை என்று பார்த்து, முன்னே நின்று வண்டியை வழிநடத்த வேண்டும். உடன் ஆள் இல்லையென்றால் ஓட்டுநரே இறங்கிப் பார்க்க வேண்டும். 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 161ஆம் பிரிவு, நிற்காமலும் பார்க்காமலும் கடப்பதையே அலட்சியம் என்று வரையறுத்து, ஓராண்டு வரை சிறைத்தண்டனை வைத்தது. அதே சட்டத்தின் 160ஆம் பிரிவின்படி மூடிய கேட்டைத் திறந்தால் மூன்றாண்டு, உடைத்தால் ஐந்தாண்டு வரை சிறை. 50 ரூபாய் அபராதத்திலிருந்து ஐந்தாண்டுச் சிறைக்கு வந்த தூரத்தில், சுமை கம்பெனியின் தோளிலிருந்து ஓட்டுநரின் தோளுக்கு எவ்வளவு நகர்ந்தது என்பது தெரியும்.

தண்டவாளத்தின் மேல் வண்டி நின்றுபோனால் என்ன ஆகும் என்பதைக் கேட் கீப்பரின் கடமைகளைப் பார்த்தால் புரியும். அவர் சிவப்புக் கொடியைக் காட்டிவிட்டு, டெட்டனேட்டர்களை எடுத்துக்கொண்டு ரயில் வரும் திசையில் ஓட வேண்டும். எஞ்சின் சக்கரம் ஏறியதும் வெடித்து ஓட்டுநரை எச்சரிக்கும் சின்ன வெடிகள் இவை. மீட்டர் கேஜில் 400 மீட்டரில் ஒன்றும் 800 மீட்டரில் மூன்றும் வைக்க வேண்டும். அகலப்பாதையில் அந்தத் தூரம் 600 மீட்டரும் 1,200 மீட்டரும் ஆகிறது. திருச்செந்தூர் பாதை 2008இல் அகலப்பாதையாக மாறியபோது, ஒரு வண்டியின் கவனக்குறைவுக்காகக் கேட் கீப்பர் ஓட வேண்டிய தூரமும் ஒன்றரை மடங்கானது. பாதை மின்மயமானதும் 25,000 வோல்ட் கம்பி சாலைக்கு மேலே வந்தது. உயரமாகப் பாரம் ஏற்றிய லாரியும் வைக்கோல் வண்டியும் கம்பியை நெருங்காதிருக்க, கிராசிங்கின் இருபுறமும் உயரத்தடுப்புச் சட்டம் நிற்கிறது. அதற்கு அடியில் நுழைய முடியாத வண்டி பின்னால்தான் போயாக வேண்டும். அப்படிப் பின்வாங்க இடம் வேண்டுமென்றால் அதன் பின்னே வண்டிகள் ஒட்டி நிற்கக் கூடாது.

இந்த இடத்துக்கென்றே விதி எழுதியது 1968ஆம் ஆண்டின் வியன்னா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கை. கிராசிங்கின் மேல் நிற்க நேராது என்று உறுதி செய்துகொள்ளாமல் எவரும் அதற்குள் நுழையக் கூடாது. கிராசிங்கின் மேல் வண்டியை நிறுத்தவே கூடாது. அதை அணுகும் சாலையிலும், அந்தந்த நாட்டுச் சட்டம் குறிக்கும் தூரத்துக்குள் வண்டியை நிறுத்திவிட்டுப் போகக் கூடாது. இந்தியா 1980இல் இந்த உடன்படிக்கையில் சேர்ந்தது. ஆனால் 1989இல் வந்த சாலை விதிகளில், வண்டி நிறுத்தக் கூடாத இடங்களின் பட்டியலில் சாலைச் சந்திப்பு, வளைவு, பள்ளி வாசல், மருத்துவமனை வாசல், பேருந்து நிறுத்தம் எல்லாம் இருந்தும் ரயில்வே கேட் பெயர் சொல்லி இடம்பெறவில்லை. அந்த விடுபடல் 2017ஆம் ஆண்டு மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகளில்தான் சரிசெய்யப்பட்டது. உடன்படிக்கையில் சேர்ந்து முப்பத்தேழு ஆண்டுகள் கழித்து இது நடந்தது. இத்தனை எளிய விதிக்கு இது நீண்ட காத்திருப்பு.

தாமதத்தின் விலை தெருவில்தான் தெரியும். கேட் போட்டதும் வண்டிகள் வரிசையாக நிற்கும். அதைப் பார்த்து டீக்கடையும் பழக்கடையும் வரும், கடைக்கு வருகிறவர்கள் சாலையோரத்திலேயே வண்டியை விட்டுப் போவார்கள். இரு வண்டி அகலமுள்ள சாலை ஒரு வண்டி அகலமாகச் சுருங்கும். கேட் திறந்ததும் இருபக்க வரிசையும் எதிரெதிரே முட்டிக்கொள்ள, கடைசி வண்டி தண்டவாளத்தின் மேல் மாட்டிக்கொள்கிறது. தடை கேட்டின் மேல் மட்டும் போதாது, அணுகுசாலையிலும் வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

அகலப்பாதைகளில் ஆளில்லாக் கிராசிங்குகள் நாடு முழுவதும் 2019 ஜனவரியோடு அகற்றப்பட்டன. அதற்குப் பிறகும் ஆள் உள்ள எல்லாக் கேட்டும் ஒன்றல்ல. சிக்னலோடு பிணைக்கப்பட்ட கேட்டில், கேட் மூடிப் பூட்டும்வரை ரயிலுக்குச் சிக்னல் விழாது. பிணைக்கப்படாத கேட்டில் ஸ்டேஷன் மாஸ்டரும் கேட் கீப்பரும் தொலைபேசியில் இரகசிய எண்களைப் பரிமாறிக்கொள்வதே பாதுகாப்பு. 2025 ஜூலை 8 அன்று கடலூர் அருகே செம்மங்குப்பத்தில் பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று மாணவர்கள் இறந்தது இத்தகைய பிணைக்கப்படாத கேட்டில்தான். அதன் பிறகு, கேட்டைச் சிக்னலோடு பிணைப்பதற்கான ரயில்–வண்டிப் பெருக்குத்தொகை வரம்பை 20,000இலிருந்து 10,000ஆகக் குறைத்தும், கேட்டுகளில் கண்காணிப்புக் கேமரா வைக்கச் சொல்லியும் ரயில்வே உத்தரவிட்டது.