சேகரிப்பு அட்டைகளுக்குத் தர மதிப்பெண் வழங்கப்படுவது எப்படி?

விளையாட்டு வீரர்களின் படங்களும் போக்கிமோன் உருவங்களும் அச்சிடப்பட்ட சேகரிப்பு அட்டைகளில், ஒரே அட்டையின் இரு பிரதிகள் முற்றிலும் வேறுபட்ட விலைக்கு விற்கப்படுவதுண்டு. அந்த வேறுபாட்டுக்குப் பெரும்பாலும் காரணம், தர மதிப்பீட்டு நிறுவனம் வழங்கும் மதிப்பெண்தான்.

இத்துறையில் முன்னணியில் இருக்கும் பி.எஸ்.ஏ. நிறுவனம் 1991இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்டது. பெக்கெட், சி.ஜி.சி. ஆகியவையும் அங்குள்ள பெயர் பெற்ற நிறுவனங்களே.

உரிமையாளர் கட்டணம் செலுத்தி அட்டையை அனுப்பிவைக்க வேண்டும். அது அசலா, ஓரம் வெட்டப்பட்டதா, வண்ணம் பூசி மறைக்கப்பட்டதா என்று முதலில் சோதிக்கப்படும். அடுத்து, படம் நடுவில் அமைந்திருக்கிறதா என்பதோடு மூலைகள், விளிம்புகள், மேற்பரப்பு ஆகியவையும் பார்க்கப்படும். மூலையில் தெரியும் சிறு வெண்புள்ளியோ மேற்பரப்பில் மெல்லிய கீறலோ மதிப்பெண்ணைக் குறைத்துவிடும். 10 என்பதே உச்ச மதிப்பெண். பிறகு அட்டை கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள் அடைக்கப்பட்டு, மதிப்பெண்ணும் சான்றிதழ் எண்ணும் கொண்ட சீட்டுடன் திருப்பித் தரப்படும். இந்த உறையைச் சேகரிப்பாளர்கள் ‘ஸ்லாப்’ என்கின்றனர்.

எனினும் மதிப்பெண் என்பது மனிதர் வழங்கும் தீர்ப்பே. அமெரிக்கப் பேஸ்பால் வீரர் ஹோனஸ் வாக்னரின் படம் உள்ள பழைய சிகரெட் அட்டை இதற்குச் சான்று. பி.எஸ்.ஏ. முதன்முதலாக மதிப்பிட்ட அந்த அட்டைக்கு 8 மதிப்பெண் கிடைத்தது. 2007இல் அது 28 லட்சம் டாலருக்கு விலைபோனது. ஆனால், முன்பு அதை வைத்திருந்த ஏல வணிகர் பில் மாஸ்ட்ரோ, அதன் ஓரங்களைத் தாமே வெட்டியதாக 2013இல் ஒப்புக்கொண்டார். வெட்டப்பட்ட அட்டைக்கு விதிப்படி எண் மதிப்பெண்ணே வழங்கக்கூடாது.

போலி உறைகளும் சந்தையில் உலவுகின்றன. ஆகவே வாங்குவோர், சீட்டிலுள்ள எண்ணை அந்நிறுவனத்தின் இணையத்தளத்தில் சரிபார்க்க வேண்டும். ஒரே எண்ணைப் போலிகளிலும் அச்சிட முடியும் என்பதால், தளத்தில் படம் இருந்தால் கையிலுள்ள அட்டையோடு ஒப்பிடுவதும் அவசியம்.

பிள்ளைகளின் பழைய அட்டைகளை அனுப்ப நினைக்கும் பெற்றோர் முதலில் கணக்குப் பார்ப்பது நல்லது. குறைந்த மதிப்பெண் கிடைத்தாலும் கட்டணம் திரும்ப வராது. அஞ்சல், காப்புறுதிச் செலவும் சேரும். எளிதில் கிடைக்கும் அட்டையாக இருந்தால், செலவழித்த பணம்கூடக் கைக்கு வராமல் போகலாம். அட்டையைத் துணியால் தேய்த்துத் துடைப்பதும் கூடாது. அந்தக் கீறலே மதிப்பெண்ணைக் குறைத்துவிடக்கூடும்.