குடியேற்ற நிதியும் தோட்டத் தொழிலாளரும்

மலாயாத் தமிழர் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் கப்பலிலிருந்தே தொடங்குவர். நாகப்பட்டினத்துக் கரை, கப்பல் தளத்தில் நெருங்கிக் கிடந்த கூட்டம், பினாங்குத் துறைமுகம், ஜெரெஜாக் தீவில் நோய்த்தடுப்புக் காவல், பின்னர்த் தோட்டத்து லயம் என்று அக்கதை செல்லும். அக்கப்பலுக்குச் சீட்டுப்பணம் கட்டியவர் யார் என்னும் வினா மட்டும் அரிதாகவே எழுப்பப்படுகிறது. 1908ஆம் ஆண்டு முதல் அப்பணம் பெரும்பாலும் ஒரு பொது நிதியிலிருந்து வந்தது. அந்நிதியை ஆண்டது இந்தியர் குடியேற்றக் குழு. ஏறத்தாழ 30 ஆண்டுகள், எத்தனை தமிழர் இந்நாட்டுத் தோட்டங்களுக்கு வரவேண்டும், எப்போது வரவேண்டும், எப்போது வரவு நிறுத்தப்படவேண்டும் என்பவற்றில் அக்குழுவின் சொல் எடுபட்டது. இன்று தொழிலாளர் மேம்பாடு, மனிதவள மேம்பாடு என்று பேசப்படும் துறையின் முன்னோடியை இந்நாட்டில் தேடிச் செல்வோர் இக்குழுவின் வாயிலில்தான் வந்து நிற்க நேரும்.

இரப்பர்க் கன்றுகள் 1877இல் சிங்கப்பூரை வந்தடைந்தன. 1888இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் அதன் பட்டையை மட்டும் சீவிப் பால் எடுக்கும் முறையைச் சோதித்துப் பரப்பினார். காப்பிப் பயிரில் நட்டமடைந்த தோட்டக்காரர்கள் மெல்ல மெல்ல இரப்பர்ப் பக்கம் திரும்பினர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வண்டி பெருகியது. வண்டிக்குச் சக்கரம் வேண்டும். சக்கரத்திற்கு இரப்பர் வேண்டும். 1905 முதல் 1910 வரை இரப்பருக்கு ஏற்பட்ட கிராக்கியில் செலாங்கூர், பேரா, நெகிரி செம்பிலான் மாநிலங்களின் காடுகள் தோட்டங்களாயின. மண் இருந்தது, இலண்டன் முதலீடு இருந்தது. ஆள்தான் இல்லை.

அதுவரை ஆள் வந்த வழிகள் இரண்டு. ஒன்று, மக்கள் 'சஞ்சிக்கூலி' என்று வழங்கிய ஒப்பந்தக் கூலிமுறை. மற்றொன்று கங்காணி முறை. முதலாவதில் தொழிலாளி குறிப்பிட்ட காலம் வரையில் ஒரே முதலாளிக்குக் கட்டுப்பட்டவன். விட்டுச் சென்றால் சட்டத்தின் முன் குற்றவாளி. இரண்டாவதில், தோட்டத்தில் ஏற்கெனவே வேலை செய்த ஒருவரே தம் ஊருக்குச் சென்று உற்றார் உறவினரையும் ஊராரையும் அழைத்து வந்தார். இதில் சட்டக் கட்டு தளர்ந்திருந்தது. வழிச்செலவுக் கடன் அக்கட்டின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. இவ்விரு முறைகளிலும் தோட்டக்காரர்களுக்கு ஒரு தலைவலி இருந்தது. ஒருவர் பணம் போட்டு ஆளைக் கொண்டுவருவார். பக்கத்துத் தோட்டக்காரர் இரண்டு காசு கூட்டிக் கொடுத்து அவ்வாளை இழுத்துக்கொள்வார். 'ஆள் திருட்டு' என்று அவர்கள் அதைப் பழித்தனர். கூடுதல் கூலி தேடித் தொழிலாளி தானே நடந்து சென்றதைத் 'திருட்டு' என்று சொன்ன அக்காலத்து மொழி கவனிக்கத்தக்கது.

இத்தலைவலிக்கு மருந்தாகவே 1907ஆம் ஆண்டு குடியேற்றக் குழு அமைக்கப்பட்டது. அதே ஆண்டில் தமிழர் குடியேற்ற நிதிச் சட்டமும் இயற்றப்பட்டது. பின்னாளில் அந்நிதி இந்தியர் குடியேற்ற நிதி என்று பெயர் மாறியது. அதன் ஏற்பாடு எளிமையானது, கெட்டிக்காரத்தனமானதுங்கூட. இந்தியத் தொழிலாளரை வேலைக்கு வைத்திருக்கும் ஒவ்வொரு முதலாளியும், தம்மிடம் அவர்கள் வேலை செய்த நாள்களைக் கணக்கிட்டு, காலாண்டுக்கு ஒருமுறை நிதிக்கு வரி செலுத்தவேண்டும். ஆளை அழைத்து வந்தவரும் கட்டவேண்டும், அழைத்து வராமல் பக்கத்துத் தோட்டத்திலிருந்து பெற்றுக்கொண்டவரும் கட்டவேண்டும். சாலையும் தண்டவாளமும் போட இந்தியரை அமர்த்திய அரசாங்கத் துறைகளும் இதற்கு விலக்கில்லை. திரண்ட பணத்திலிருந்து கப்பல் கட்டணமும், ஆவடி, நாகப்பட்டினம் முகாம்களின் செலவும், துறைமுகத்திலிருந்து தோட்டம் வரையிலான வழிச்செலவும் கொடுக்கப்பட்டன.

இதனால் தொழிலாளிக்கு நன்மையே விளையவில்லை என்று கூறுவது நடுவுநிலையாகாது. வழிச்செலவுக் கடன் சட்டப்படி அவன் தலையில் ஏறவில்லை. ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு வேலையை விட்டுச் செல்லும் உரிமை அவனுக்கு இருந்தது. கங்காணி உரிமச் சீட்டு பெற்றாக வேண்டும். ஊர் முன்சீப்பின் கையொப்பம் வாங்கவேண்டும். பொது நிதி ஒன்று ஏற்பட்டபின் சஞ்சிக்கூலிக்குத் தேவை குறைந்தது. 1910இல் அம்முறை நிறுத்தப்பட்டது. எஞ்சியிருந்த ஒப்பந்தங்களும் அடுத்த சில ஆண்டுகளில் முடிவுற்றன. ஆயினும் ஊரில் கங்காணி கொடுத்த கைமாற்றும், தோட்டத்துக் கடையில் ஏறிய பற்றும் சட்டப் புத்தகத்திற்கு அப்பாற்பட்டவை. உரிமை ஏட்டில் இருந்தது. தோட்டத்தை விட்டு வெளியேறும் பாதை கங்காணி வீட்டு வாசல் வழியே சென்றது.

குழுவின் தலைவர் தொழிலாளர் துறையின் உயர் அதிகாரி. உறுப்பினருள் அரசாங்க அலுவலரும் தோட்டத் துரைமாரும் இருந்தனர். தொடக்க ஆண்டுகளில் தொழிலாளர் தரப்பிலிருந்து எவரும் அம்மேசையில் அமரவில்லை. ஆள் குறைந்தால் கூலி ஏறும், ஆள் நிறைந்தால் கூலி இறங்கும் என்பது சந்தைக் கணக்கு. அந்த எண்ணிக்கையைக் கூட்டவும் குறைக்கவும் வல்ல மடைப்பலகை, கூலி கொடுப்போரின் கையிலேயே இருந்தது. நீரைப் பாய்ச்சுகிறவரும் மடையைத் திறக்கிறவரும் ஒருவரே என்றால் கடைமடைக்காரன் என் செய்வான்?

இந்திய அரசாங்கம் 1922இல் குடிபெயர்வுச் சட்டத்தை இயற்றி, தன் முகவர் ஒருவரை 1923இல் மலாயாவுக்கு அனுப்பியபின் நிலைமை ஓரளவு மாறியது. நியாயமான கூலி எது என்பதை விசாரித்து நிர்ணயிக்கும் கடமை குழுவுக்கு ஏற்பட்டது. 1928இல் போக்குவரத்து வசதியுள்ள மாவட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் என முடிவாயிற்று. சிறுவருக்கும் தனி விகிதம் உண்டு. பள்ளியில் இருக்கவேண்டிய வயதினருக்குக் கூலி விகிதம் குறித்த அந்த ஒரு வரியே அக்காலத்துத் தோட்டத்தைக் காட்டிவிடும். உலகப் பொருளாதார மந்தம் வந்ததும் 1930இல் ஆண் கூலி 40 காசாகவும் பெண் கூலி 32 காசாகவும் இறங்கின. குடியேற்ற உதவியும் நிறுத்தப்பட்டது. ஆளைக் கொண்டுவர ஏற்பட்ட நிதி, இப்போது ஆளைத் திருப்பி அனுப்பப் பயன்பட்டது. இலட்சத்துக்கு மேற்பட்டோர் சில ஆண்டுகளுக்குள் கப்பலேற்றப்பட்டனர். பத்து ஆண்டு, பதினைந்து ஆண்டு பால் வெட்டிய கைகளும் அவற்றுள் அடங்கும். 1934இல் விலை ஏறியவுடன் மடை மீண்டும் திறக்கப்பட்டது.

1922ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு சொல் உண்டு. குடிபெயர்வோர் செய்யும் வேலையை அச்சட்டம் 'தேர்ச்சி பெற்ற வேலை' என்றும் 'தேர்ச்சியற்ற வேலை' என்றும் இரண்டாகப் பிரித்தது. வேளாண் வேலை இரண்டாம் வகையில் சேர்ந்தது. ஆகவே பால்மரம் வெட்டுவோர் தேர்ச்சியற்றோர் ஆயினர்.

அவர்கள் செய்த வேலையைச் சற்றே நெருங்கிப் பார்க்கவேண்டும். விடியுமுன் பிரட்டுக்கு நின்று, பெயர் கொடுத்து, இருள் பிரியும் வேளையில் நிரைக்குச் செல்லவேண்டும்; வெயில் ஏறினால் பால் சுரப்புக் குறைந்துவிடும். பட்டையில் பால் ஓடும் குழாய்கள் நேராக மேலே செல்வதில்லை. சற்றுச் சாய்ந்து செல்லும். ஆகவே வெட்டும் இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழ்ந்து சரிந்திருந்தால்தான் மிகுதியான குழாய்கள் அறுபடும். கத்தி ஆழம் போதாவிட்டால் பால் வராது. ஒரு மயிரிழை கூடினாலோ பட்டைக்கும் கட்டைக்கும் இடையிலுள்ள உயிர்ப்படலம் காயப்படும். காயப்பட்ட இடத்தில் முடிச்சு விழும்; பட்டை மீண்டும் வளர்ந்தாலும் அவ்விடத்தில் ஒழுங்காகக் கத்தி ஓடாது. சீவும் பட்டை தடித்தால் பல ஆண்டு வரவேண்டிய பட்டை சில ஆண்டுகளிலேயே தீர்ந்துபோகும். கண்ணால் அளக்க முடியாத இந்த அளவை, விளக்கொளியில், நூற்றுக்கணக்கான மரங்களில், நாள்தோறும் கையே அளந்தது. இதற்குத் 'தேர்ச்சியற்ற வேலை' என்று பெயரிட்டவர் ஒரு மரத்தையேனும் வெட்டிப் பார்த்திருக்க மாட்டார்.

இக்கைத்திறன் தாயிடமிருந்து மகளுக்கும் தந்தையிடமிருந்து மகனுக்கும் நிரையிலேயே கைமாறியது. சான்றிதழ் இல்லை, தரம் இல்லை, தரத்துக்கேற்ற ஊதிய உயர்வும் இல்லை. மரத்தின் பொருட்டு வேறொரு நிதி இருந்ததை ஈண்டு நினைவு கூரலாம். 1925இல் இரப்பர் ஆராய்ச்சிக் கழகம் ஏற்படுத்தப்பட்டு, ஏற்றுமதியாகும் இரப்பர்மீது விதித்த தீர்வையால் நடத்தப்பட்டது. நல்லினக் கன்று, ஒட்டுக்கட்டும் முறை, உரம், நோய்த் தடுப்பு என்று மரம் ஒவ்வோர் ஆண்டும் மேம்பட்டது. மரத்தை மேம்படுத்த ஒரு தீர்வை, மனிதரைக் கொண்டுவர ஒரு வரி. மனிதரை மேம்படுத்த ஒன்றும் இல்லை.

கல்வி இருந்ததே எனலாம். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, 7 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகள் 10 பேர் இருக்கும் தோட்டம் பள்ளி நடத்தவேண்டும். அதனால் தோட்டப் பள்ளிகள் பெருகின. 1938 வாக்கில் 500க்கு மேல் இருந்தன. பல இடங்களில் ஆயாக்கொட்டகைக்கு அடுத்த கொட்டகையே பள்ளி. எழுதப் படிக்கத் தெரிந்த கிராணியோ கங்காணியோ ஆசிரியர். தொடக்க நிலையோடு படிப்பு முடிந்தது. அதற்கு மேல் செல்லும் வாயில் இல்லாததால், பள்ளியை விட்ட பிள்ளை பெற்றோரின் நிரைக்கே திரும்பியது. இவ்வளவிற்கும் இடையே அப்பள்ளிகள் தமிழைக் காத்தன என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அப்பள்ளி தொழிலாளியின் மகனைத் தொழிலாளியாகவே வைத்திருக்கும் அளவுக்குத்தான் வடிவமைக்கப்பட்டிருந்தது. அதை அறிந்தே பெற்றோர் அனுப்பினர்.

1936ஆம் ஆண்டு இறுதியில் சீனிவாச சாஸ்திரியார் இந்திய அரசின் சார்பில் மலாயாவுக்கு வந்து தொழிலாளர் நிலையை ஆராய்ந்தார். 1937இல் ஆண் கூலி மீண்டும் 50 காசாயிற்று. மறு ஆண்டே அது 45 காசாகக் குறைக்கப்பட்டதும், இந்திய அரசாங்கம் 1938 ஜூன் திங்களில் உதவிபெற்ற தொழிலாளர் குடிபெயர்வுக்குத் தடை விதித்தது. மடை இம்முறை மறுகரையிலிருந்து அடைக்கப்பட்டது. புதிய ஆள் வரவு நின்றபின் தோட்டத்தில் இருந்தவர்களின் குரல் வலுத்தது. 1941இல் கிள்ளான் வட்டாரத்தில் ஆயிரக்கணக்கானோர் வேலைநிறுத்தம் செய்தனர். கூலி உயர்வோடு நில்லாமல், பிள்ளைகளுக்குத் தக்க கல்வி, கள்ளுக்கடை மூடல், துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கும் வழக்கத்திற்கு முடிவு ஆகியவற்றையும் அவர்கள் கேட்டனர். படை வரவழைக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. குழு 34 ஆண்டுகளில் கேட்காத கேள்வியை, எழுத்தறிவு குறைந்த மக்கள் எழுப்பியிருந்தனர்.

போருக்குப் பின் பழைய முறையில் ஆள் கொண்டுவரப்படவில்லை. நிதி மட்டும் எஞ்சியது. விடுதலை பெற்ற மலாயாவில், 1958இல், தென்னிந்தியத் தொழிலாளர் நிதிச் சட்டம் இயற்றப்பட்டு, பழைய பணம் ஒரு வாரியத்தின் பொறுப்பில் வந்தது. முதுமையுற்று ஆதரவிழந்த தொழிலாளருக்கு இல்லம் நடத்துவது அதன் பணிகளுள் முதன்மையானது. தலைக்கு இவ்வளவு என்று திரட்டிய பணம், அத்தலை நரைத்தபின் ஒரு கூரையாகத் திரும்பியது. அக்காலத்தில் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. 1960இல் துன் சம்பந்தன் தோற்றுவித்த தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளரின் சிறுசேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை வாங்கியது. ஆனால் அது வேறொரு நீண்ட வரலாறு. தென்னிந்தியத் தொழிலாளர் நிதி 1999இல் நாடாளுமன்றச் சட்டத்தின்வழி கலைக்கப்பட்டது. வாங்கிய பணத்துக்கும் அதைக் கொடுக்கக் காரணமான உழைப்புக்கும் உரியவர் யார் என்ற பேச்சு அதன் பின்னரும் ஓயவில்லை.

இதற்குச் சில ஆண்டுகள் முன்னர், 1992இல், மலேசிய நாடாளுமன்றம் மனிதவள மேம்பாட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது. 1907ஆம் ஆண்டு ஏற்பாட்டை அறிந்தவர்க்கு இதன் அமைப்பு வியப்பைத் தராது. முதலாளிமார் வரி செலுத்துவர். ஒரு மன்றம் அதை நிருவகிக்கும். வரி, ஊதியத்தில் நூற்றுக்கு 1. வேறுபாடு செலவில் இருந்தது. அப்பணம் தொழிலாளருக்குப் பயிற்சியளிக்கவே செலவிடப்படவேண்டும். பயிற்சி கொடுத்த முதலாளி அச்செலவைத் திரும்பப் பெறலாம். ஆளைப் பெருக்கத் திரட்டிய வரிக்கும் ஆளின் திறனைப் பெருக்கத் திரட்டிய வரிக்கும் இடையே 85 ஆண்டுகள் கடந்திருந்தன. அவ்விடைவெளியில் மூன்று தலைமுறைத் தமிழர் பால்மரம் வெட்டி ஓய்ந்தனர்.

1993இல் அச்சட்டம் நடைமுறைக்கு வந்தபோது முதலில் உற்பத்தித் தொழிற்சாலைகளே அதன் வரம்புக்குள் வந்தன. தோட்டங்கள் வெளியே நின்றன. அந்த ஆண்டுகளில்தான் தோட்டங்கள் செம்பனைக்கு மாறின. நகர் விரிய விரிய வீட்டுமனைகளாயின. நிரையை விட்டு வெளியேறிய குடும்பங்கள், கையில் ஒரு தொழிற்சான்றும் இன்றி நகர ஓரங்களில் குடியேறின. அவர்களது கைத்திறன் மரத்தோடு நின்றுவிட்டது. 2001இல் புதிய சட்டம் மன்றத்தை நிறுவனமாக மாற்றியது. 2021இல் அதன் எல்லை விரிவாக்கப்பட்டு வேளாண் துறையும் உள்ளே வந்தது. அதற்குள் தோட்டங்களில் வெட்டுவோரும் குலை அறுப்போரும் பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவராகிவிட்டனர். சட்டத்தின் விளக்கப்படி 'தொழிலாளர்' என்பது மலேசியக் குடிமக்களையே குறிக்கும். கடல் கடந்து வந்து கத்தியும் அரிவாளும் பிடித்தோர் அக்கணக்கில் இடம்பெறவில்லை.