மட்டக்களப்பு – கொழும்பு: வான்வழித் தூரமும் பறப்பு நேரமும்

மட்டக்களப்பு நகரையடுத்த கல்லடிக்கு மிக அருகிலுள்ள விமான நிலையம் மட்டக்களப்பு வாவியின் நடுவே திமிலைதீவில் இருக்கிறது. நேர்கோட்டில் மூன்று நான்கு கிலோமீற்றர்தான். வாவி குறுக்கே கிடப்பதால் கல்லடிப் பாலம் ஏறி, நகருக்குள் புகுந்துதான் போகவேண்டும்.

அந்நிலையத்திலிருந்து கட்டுநாயக்க பண்டாரநாயக்க சர்வதேச விமான நிலையம் வான்வழியே சுமார் 207 கி.மீ.; இரத்மலானை சுமார் 220 கி.மீ. கட்டுநாயக்கவுக்கான நேர்கோடு நக்கிள்ஸ் மலைத்தொடர் மேலாகவும், இரத்மலானைக்கான கோடு மகியங்கனை, கம்பளைப் பகுதிகள் மேலாகவும் செல்கிறது. மலையில் முகில் திரண்டிருந்தால் விமானி சற்று விலகிப் பறப்பார். வரைபடத் தூரத்தோடு சில கிலோமீற்றர் கூடும்.

இத்தடத்தில் பறந்துவந்தது சினமன் எயார் நிறுவனத்தின் செஸ்னா கரவன், ஒற்றை இயந்திரச் சிறுவிமானம். மணிக்கு 300 கி.மீ. வேகமென்று கொண்டால் கட்டுநாயக்க 41 நிமிடம். ஏற்றம், இறக்கம் சேர்த்து முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. எதிர்க்காற்று 40 கி.மீ. வேகத்தில் வீசினால் 41 நிமிடம் 48 ஆகும். அதே காற்று பின்னாலிருந்து தள்ளினால் 37க்கும் கீழே இறங்கும். ஒப்பிட்டால், சூரிச்சிலிருந்து லண்டன் ஹீத்ரோ ஏறக்குறைய 790 கி.மீ.; பயண அட்டவணையில் அதற்கு ஒன்றே முக்கால் மணி நேரம் அளவில் போடுவார்கள். தூரம் நான்கு மடங்குக்குக் கிட்ட இருந்தும் நேரம் இரண்டு மடங்கைச் சற்றே தாண்டுகிறது. அங்கே ஓடுவது ஜெட் விமானம்.

மட்டக்களப்பில் பெரிய ஜெட் இறங்காததற்குக் காரணம் ஓடுபாதை. அதன் நீளம் ஒன்றரைக் கிலோமீற்றர் அளவு. கட்டுநாயக்கவில் 3,350 மீற்றர். 1958இல் திறக்கப்பட்ட மட்டக்களப்பு நிலையம் 1983இல் விமானப்படை வசமானது. புனரமைப்புக்குப் பின் 2016இல் மீளத் திறக்கப்பட்டு, 2018 மார்ச்சில் பொதுமக்கள் சேவைக்கு வந்தது. பெயரில் ‘சர்வதேச’ ஒட்டிக்கொண்டாலும் சுவிஸிலிருந்தோ லண்டனிலிருந்தோ ஊருக்கு வருபவர் கட்டுநாயக்கவில்தான் இறங்குகிறார். அவர் கொண்டுவரும் பெட்டிகளைக் கரவன் தாங்காது. பெரும்பாலும் வான் பிடித்துவிடுவார்.

தரைவழியில் தூரமே வேறு. ஹபரணை, பொலன்னறுவை வழியாகக் கொழும்பு 310 கி.மீ.க்குச் சற்று மேல், பஸ்ஸில் ஏழெட்டு மணி நேரம். இரத்தினபுரி, வெல்லவாய, பொத்துவில் என்று தெற்கைச் சுற்றிவரும் ஏ4 நெடுஞ்சாலை சுமார் 430 கி.மீ.; அது கல்லடியினூடாகத்தான் நகரை அடைகிறது. மாகோ சந்தி வழியாக ரயில் பாதை ஏறக்குறைய 350 கி.மீ. உதயதேவி கடுகதிக்குப் பகற்பொழுதின் பெரும்பகுதி அதிலேயே போய்விடும். ஆனாலும் கல்லடிக்காரர் கொழும்புக்குப் போக முதலில் விசாரிப்பது ரயிலில் இடம் இருக்கிறதா என்பதையே. கரவனில் இருப்பது பத்துப் பன்னிரண்டு இருக்கைக்குள்தான். கட்டணமும் உல்லாசப் பயணிகளை எண்ணி வைத்தது.